சென்னையில் போர்வீரர் நினைவிடங்களும் அஞ்சலி முறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரில் உயிர்நீத்த வீரர்களை ஓர் ஊர் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது பற்றிச் சென்னைவாசிகள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இப்பக்கம் விடையளிக்கிறது. நினைவிடங்களைப் பார்க்க விரும்புவோர், குடும்பத்தில் போருக்குச் சென்று திரும்பாத ஒருவரைத் தேடுவோர், தங்கள் பகுதியில் ஒரு வீரருக்கு நினைவுச் சின்னம் அமைக்க எண்ணுவோர் ஆகிய மூவகையினரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

சென்னையில் போர்வீரர்களுக்கான நினைவிடங்கள் எங்கெங்கே உள்ளன?

பெரும்பாலோர் அறிந்தது, மெரினா கடற்கரைச் சாலையின் வடக்குத் தொடக்கத்தில், நேப்பியர் பாலத்துக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னம். பேருந்துப் பயணிகள் அதை ‘வார் மெமோரியல்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இரண்டாவது, நந்தம்பாக்கத்தில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள மதராஸ் போர்க் கல்லறை. அந்தச் சாலையில் நாள்தோறும் செல்பவர்களிலும் பலர் உள்ளே நுழைந்ததில்லை. பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் அணிவகுப்புத் திடல், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கியது. அவர் அங்கே பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியானவர். ஆனால் அது ராணுவ வளாகம் என்பதால் பொதுமக்கள் நினைத்தபோது செல்ல இயலாது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் சுவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து அதிகாரிகளின் நினைவுப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அப்பலகைகளில் அதிகாரிகளின் வீரச் செயல்கள் விரிவாகப் பேசப்படும். அவர்களின் கீழ் நின்று செத்த சிப்பாய்களின் பெயர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னம் யாருக்காகக் கட்டப்பட்டது?

முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றியைக் கொண்டாடுவதற்காக. அவ்விடத்தை ஆங்கிலேயர் ‘கியூபிட்ஸ் போ’ என்று அழைத்தனர். பின்னர் இரண்டாம் உலகப் போரும், விடுதலைக்குப் பின் 1948இன் காஷ்மீர்ப் போர், 1962இன் சீனப் போர், 1965, 1971 ஆண்டுகளின் பாகிஸ்தான் போர்கள் ஆகியவையும் அதே சின்னத்துடன் சேர்க்கப்பட்டன. பேரரசின் வெற்றிச் சின்னமாகத் தொடங்கிய கட்டடம், ஒரு குடியரசு தன் வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கும் இடமாக மாறியது. கட்டடத்தை இடித்து வேறொன்று கட்டாமலேயே அதன் பொருளை மாற்றிய இந்த வழி, நமக்குப் பிடித்திருக்கிறதோ இல்லையோ, இந்நகரம் தன் பழைய கட்டடங்கள் பலவற்றை நடத்திய வழிதான்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் யார்? அங்கே போர் எதுவும் நடக்கவில்லையே?

நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் இறந்த வீரர்கள் ஆங்காங்கே ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் புதைக்கப்பட்டிருந்தனர். அக்கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க இயலாது என்ற நிலையில், அவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதற்காக 1952இல் நந்தம்பாக்கத்தில் இக்கல்லறை உருவாக்கப்பட்டது. 856 காமன்வெல்த் வீரர்கள் இங்கே துயில்கின்றனர். வளாகத்தின் பின்பகுதியில் 1914–1918 நினைவுச் சின்னம் ஒன்று உள்ளது. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல பகுதிகளில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917இல் அரச சாசனத்தால் தொடங்கப்பட்ட அவ்வமைப்பு சில விதிகளை வகுத்துக்கொண்டது: இறந்த ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்பட வேண்டும், தளபதிக்கும் சிப்பாய்க்கும் கல்லில் வேறுபாடு கூடாது, இனமும் சமயமும் பார்க்கக் கூடாது. வசதியான குடும்பங்கள் தங்கள் மகனின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லக் கேட்டபோதும், ஏழைக் குடும்பங்களுக்கு அது இயலாது என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. கட்டளையாகப் பார்த்தால் கடுமையானது. ஆனால் நந்தம்பாக்கத்தில் ஒரே அளவில் வரிசைவரிசையாக நிற்கும் கற்களைப் பார்க்கும்போது அதன் நியாயம் புரிகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கற்களின் மீது அமர்வதும், புல்வெளியில் உணவுப் பொட்டலங்களைப் பிரிப்பதும், கல்லைப் பின்னணியாக்கிச் சிரித்துப் படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டு உலகப் போர்களிலும் இவ்வளவு இந்தியர்கள் இறந்திருக்க, அவர்களின் கல்லறைகள் ஏன் குறைவாகவே காணப்படுகின்றன?

முதல் காரணம் எளியது. இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை இருக்க வழியில்லை. அதனால்தான் கோஹிமாவில், புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகளுக்கு மேலே தனியாக ஒரு தகன நினைவுச் சின்னம் எழுப்பி, எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களை நினைவுகூர்ந்தனர். பிரான்சின் நூவ் ஷாப்பெல்லில் 1927இல் திறக்கப்பட்ட நினைவிடம் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது காரணம் அவ்வளவு எளியதன்று. மேலே சொன்ன சமத்துவ விதி ஐரோப்பாவில் பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே பல இடங்களில் பின்பற்றப்படவில்லை. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்தவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவிடம் 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்திய சிப்பாய்களோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். நூறாண்டுக்குப் பிறகு, 2021 ஏப்ரலில், ஆணையம் தானே அமைத்த குழுவின் அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயர்களைத் தேடும் பணி அதன்பின் முனைப்புடன் தொடங்கியது.

நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசும்போது உயரத்தையும் செலவையும் பளிங்கையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். ஒரு சின்னத்தை எடைபோடக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதே என்று இப்பக்கத்தை எழுதுபவர் கருதுகிறார்.

போரில் இறந்தவருக்குக் கல் எழுப்புவது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கமா?

இல்லை. தமிழ் நிலத்தில் நடுகல் மரபு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்துபட்ட அந்தவன் என்பவனின் பெயரைச் சொல்கிறது. தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு நிலைகளாக வகுக்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காணும் காட்சி, அதைக் கொண்டுவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்தல். இந்த வரிசையில் கல்லை நடுவது நான்காவது நிலைதான். அதன்பின் ஊர் கூடிச் செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வட்டெழுத்தில் உள்ள அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்புடையது: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாரின் படைவீரன் இன்னான், தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான் (இறந்தான்), அவன் கல். ஆண்டு, தலைவன், பெயர், இறந்த காரணம் ஆகிய நான்கும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. நந்தம்பாக்கத்துக் கல்லிலும், இறந்த காரணம் நீங்கலாக, ஏறத்தாழ இவையே இருக்கின்றன. இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள். எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்துபட்ட தலைவன் அருகே நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறது. பஸ்ராவில் மனிதனுக்குக் கிடைக்காத மரியாதை இங்கே ஒரு நாய்க்குக் கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இக்கற்களில் சில இன்றும் வழிபாட்டில் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலிட்டு வணங்கப்படுபவை பல நடுகற்களே. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை ஒருசேரக் காணலாம்.

போரில் இறந்த ஒருவருக்கு எழுப்பப்பட்ட சிலை என்பதற்காகவே அதைக் காப்பாற்ற வேண்டுமா?

சென்னை இதற்கு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. 1857 எழுச்சியின்போது மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படைக்குத் தலைமை தாங்கிச் சென்று, அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்டவர் ஜேம்ஸ் நீல். மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு அவர் களத்தில் வீழ்ந்த வீரர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய கொடிய பழிவாங்கல்களை அறிந்த இந்தியருக்கோ, தங்கள் நகரின் முதன்மைச் சாலையில் அவர் நிற்பது அவமதிப்பு. 1927இல் அச்சிலையை அகற்றக் கோரி இளைஞர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பலர் சிறை சென்றனர். காந்தியடிகள் ஆதரவு தெரிவித்தார். பத்தாண்டு கழித்து, 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை காலத்தில் சிலை அகற்றப்பட்டது. பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. சிலை உடைக்கப்படவில்லை, மரியாதைக்குரிய இடத்திலிருந்து பார்வைக்குரிய இடத்துக்கு மாற்றப்பட்டது. மேலும், அதே நீலுடன் சென்று மடிந்த சாதாரண வீரர்களின் மீது யாரும் கோபம் காட்டவில்லை. ஒரு தளபதியின் செயலைக் கண்டிப்பதும், கட்டளைக்குக் கீழ்ப்பட்ட வீரனின் சாவுக்கு வருந்துவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களைக் கம்பெனி அரசு கலகக்காரர் என்று பீரங்கி வாயில் வைத்தது. இன்று அதே நகரில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் அந்நாளில் அஞ்சலி செலுத்தப்படுகிறது.

செனடாப் சாலையின் பெயர் போர்வீரர் நினைவைக் குறிக்கிறதா?

இல்லை. உடல் வேறிடத்தில் இருக்க, ஒருவருக்கு எழுப்பப்படும் நினைவுச் சின்னமே ‘செனடாப்’. தேனாம்பேட்டைப் பகுதியில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு எழுப்பப்பட்டிருந்த நினைவு மண்டபத்தால் வந்த பெயர் அது. அவர் 1805இல் காசிப்பூரில் நோயுற்று இறந்தவர்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்த தமிழர்களுக்கு நினைவிடம் உண்டா?

மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். 1945 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, நகரைத் திரும்பக் கைப்பற்றிய பிரிட்டிஷ் ராணுவம் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தகர்த்தது. அவ்விடத்தைக் குறிக்கும் பலகையைச் சிங்கப்பூர் அரசு 1995இல் வைத்தது. சென்னைக் குடும்பங்கள் சிங்கப்பூர் செல்லும்போது எஸ்பிளனேட் பூங்காவில் அதைக் காணலாம்.

அஞ்சலி செலுத்தப்படும் நாட்கள் எவை?

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள். ஜனவரி 15 ராணுவ நாள். இந்நாட்களில் ராணுவ அதிகாரிகளும் முன்னாள் படைவீரர்களும் கடற்கரை நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கின்றனர். நந்தம்பாக்கத்தில், முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஐ ஒட்டி அஞ்சலி நடைபெறும். டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் பயன்படுகிறது. பள்ளியில் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக்கொண்ட நினைவு பலருக்கு இருக்கும். அதைப் பள்ளியோடு விட்டுவிடத் தேவையில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எவரும் நன்கொடை அளிக்கலாம்.

அஞ்சலி நிகழ்ச்சியில் பொதுமக்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

மலர்வளையம் வைக்கப்பட்டபின் பியூகிள் என்ற ஊதுகொம்பில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் அஞ்சலி இசை இசைக்கப்படும். வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து, தலைதாழ்த்தி நிற்பர். பின்னர் இரண்டு நிமிட மௌனம்; 1919இல் தொடங்கிய வழக்கம் இது. மீண்டும் பியூகிள் ஒலிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கைதட்டுதலும் முழக்கமும் அந்நேரத்துக்குரியவை அல்ல. இறந்தவரின் தாயோ மனைவியோ வந்திருந்தால், படம் எடுக்க அவர்கள் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை.

எங்கள் கொள்ளுத்தாத்தா போருக்குச் சென்று திரும்பவில்லை. அவருடைய பெயரை எங்கே தேடுவது?

இரண்டு உலகப் போர்களில் இறந்தவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தளத்தில் பெயரால் தேடலாம், கட்டணமில்லை. தேடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் பழைய பதக்கங்களை எடுத்துப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். இந்திய வீரர்களின் பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் பல நேரங்களில் தரப்பட்டிருக்கும். தஞ்சாவூரும் திருச்சியும் பழைய ஆங்கிலப் பெயர்களிலேயே அதில் இருக்கும்.

எந்த நாட்டில் இறந்தார் என்பது தெரிந்தால் தேடலைச் சுருக்கலாம். பர்மாவில் இறந்து கல்லறை அறியப்படாதவர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் யாங்கூனுக்கு அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் இருக்கின்றன. மலேயா, சிங்கப்பூர்ப் பகுதியில் இறந்தவர்களின் பெயர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள போர் நினைவிடத்தில் தேடலாம். விடுதலைக்குப் பிந்தைய போர்களில் உயிர்நீத்தவராயின், 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவராயின் நீலகிரி வெலிங்டனில் உள்ள மையத்துக்கும், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையினராயின் பெங்களூருவில் உள்ள மையத்துக்கும் எழுதிக் கேட்கலாம். பெயர் எங்குமே இல்லையென்றால் அவர் இறக்கவில்லை என்றோ, குடும்பத்தார் சொன்னது கதை என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். 2021 அறிக்கை சொன்ன விடுபட்டவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம். ஆவணம் கையில் இருந்தால் ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த வீரர் ஒருவருக்குத் தெருமுனையில் சிலை வைக்கலாமா?

சாலையிலோ நடைபாதையிலோ வைக்க இயலாது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை நிறுவ அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. தனியார் நிலம், பள்ளி, குடியிருப்போர் சங்க வளாகம் போன்ற இடங்களுக்கும் உரியவர்களின் அனுமதியும் அரசின் அனுமதியும் தேவை. முதலில் குடும்பத்தாரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். இதை மறந்துவிட்டு அழைப்பிதழ் அச்சிடும் ஆர்வலர்கள் நம்மிடையே குறைவில்லை.

சிலைதான் வேண்டும் என்பதில்லை. அவர் படித்த பள்ளியின் சுவரில் பெயரும் ஊரும் படைப்பிரிவும் இறந்த இடமும் நாளும் பொறித்த ஒரு கல் போதும். சாலைக்குப் பெயர் சூட்டுவதாயின் மாநகராட்சி மன்றத்தின் தீர்மானம் தேவை. கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்து வீர் சக்கரம் பெற்ற மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடமும், அவர் பெயரில் சாலையும் உள்ளன. எதைச் செய்தாலும் பத்தாண்டு கழித்து அதைத் துடைத்து, எழுத்துக்கு மை பூசப்போவது யார் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் சுவரொட்டிக்கும் நடுவே முகம் மறைந்து நிற்கும் ஒரு சிலையைவிட, ஒரு தலைமையாசிரியரின் பொறுப்பில் உள்ள கல் நீண்ட நாள் நிற்கும்.

வீரரின் உடல் ஊருக்கு வரும்போது கடைப்பிடிக்கப்படும் முறை என்ன?

2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் வீழ்ந்து, பின்னர் அசோக சக்கரம் வழங்கப்பட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல் சென்னைக்கு வந்து பெசன்ட் நகரில் எரியூட்டப்பட்டபோது, திரண்டு வந்த பொதுமக்கள் பலர் ராணுவ மரியாதையை நேரில் கண்டனர். பேழையின் மீது தேசியக் கொடி போர்த்தப்படும்; காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். மலர்வளையங்களுக்குப் பின் வீரர்கள் வானை நோக்கிச் சுடுவர். ‘லாஸ்ட் போஸ்ட்’ ஒலிக்கும். கொடியைச் சிதையில் எரிக்கவோ குழிக்குள் இறக்கவோ கொடி விதிகள் இடந்தராததால், எரியூட்டுவதற்கு முன் அது எடுக்கப்பட்டு, மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படும். சடங்குகளை அவரவர் சமய வழக்கப்படி குடும்பத்தாரே முடிவு செய்வர். அதில் ராணுவம் குறுக்கிடுவதில்லை. அஞ்சலி செலுத்த வரும் அண்டை வீட்டாரும் அமைப்பினரும் மாலைகளைப் பேழையின் மேல் கொடி மறையும்படி குவிக்காமல், அருகே வைப்பதே முறை.